பூஜ்யத்துக்கு உள்ளே பார்த்த அக்கா

அந்த அக்கா யாரிடமும் எதையும் நேராகக் கேட்க மாட்டார். உங்களுக்குப் பல் வலியா என்று தெரிந்துகொள்ள நினைத்தால் கையில் ஒரு முறுக்கைக் கொடுப்பார். எந்தப் பக்கம் வைத்துக் கடிக்கிறீர்கள் என்று பார்ப்பார். பிறகு, இடது பக்கம் கடைசிக்கு முந்தின பல், டாக்டரிடம் போங்கள் என்பார். முறுக்கும் தீர்ந்திருக்கும், நம் மானமும் போயிருக்கும்.

நான் குடிப்பேனா என்பதையும் அப்படித்தான் கண்டுபிடித்தார். என் ஆட்டோவில் ஏறிய புதிதில் ஒரு நாள், "அந்தக் கடை வர்ற எடத்துல கொஞ்சம் மெதுவா போங்கபா" என்றார். எந்தக் கடை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் பக்கம் பார்வையே போகக்கூடாது என்று கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டினேன். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பின்னாலிருந்து ஒரு குரல், கொஞ்சமும் உயராமல் வந்தது.

"முன்ன குடிச்சிருக்கீங்க. இப்ப விட்டுட்டீங்க. விட்டு ரொம்ப நாள் ஆவல."

என் பெண்டாட்டி கல்யாணமான நாளிலிருந்து கத்தியும் என்னிடம் வாங்க முடியாத வாக்குமூலம் அது. அக்காவுக்கு ஒரு பள்ளம் போதுமாக இருந்தது.

அக்கா பிள்ளையார்பாளையத்துப் பெண். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. படித்துப் படித்து, ஊரில் படிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கே பூமிக்குள் தோண்டிக் கட்டிய ஏதோ ஒரு பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. நான் ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்று சொல்வதுதான் சரி. அதனால் அவர் வேலையைப் பற்றி நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும்.

அவருடைய அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மா என் வாடிக்கை. வீட்டுக்குள்ளேயே தறி. நெய்து முடித்த புடவையைக் கொடுக்கவும், அடுத்த புடவைக்குப் பட்டு நூல் வாங்கவும் என் ஆட்டோதான். வாசலில் நிறுத்தி ஹாரனைச் சின்னதாக இரண்டு முறை அடிப்பேன். அம்மா வருவார். பின்னாலேயே புடவை மூட்டையோடு அவர் மகன் வருவார். அக்காவுக்குத் தம்பி, எனக்கு மூத்தவர். அவர் வலது ஓரம் உட்காருவார், அம்மா இடது ஓரம். வேறு மாதிரி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது. காது நன்றாகக் கேட்கும். ஆனால் முகத்தில் எதுவும் வராது. சிரிப்பு, கோபம், பசி எதுவும் வராது. என் ஜோக்குகளுக்குச் சிரிக்காதவர்கள் ஊரில் நிறையப் பேர், அது எனக்குப் பழக்கம். ஆனால் சிரிக்காமல் இருப்பதற்காவது முகத்தில் ஏதாவது ஒரு முயற்சி தெரியும். இவரிடம் அதுவும் இல்லை. இருவருக்குமான பேச்சை அம்மாவே பேசிவிடுவார். "அவனுக்கு இந்தக் கலர் புடிக்கல", "அவனுக்குக் காலு வலிக்குது, மெதுவா போபா" என்று. அது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை.

தறியிலும் ஜோடிதான். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழியில் கால் போட்டு உட்கார்ந்து நெய்வார். பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளித் தர வேண்டும். அம்மா நெய்வார், மகன் தள்ளுவார். காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். எழுந்திருப்பேன் என்பது பொய். புரண்டு படுப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் சந்தில் ஆட்டோ நுழையாது. அதனால் அவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஒட்டி நிறுத்துவேன். அந்த அம்மா தினமும் சமைத்ததும் ஒரு பிடி சோற்றை அந்தச் சுவர்மேல் வைப்பார். அவருடைய வீட்டுக்காரர் காலமான நாளிலிருந்து அது நடக்கிறது. காக்கைகள் தின்றுவிட்டு அடுத்த வேலையை என் ஆட்டோவின் கூரையில் முடிக்கும். அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை என்னிடம் ஒரு வார்த்தை அதிர்ந்து பேசியதில்லை. இருந்த கோபத்தையெல்லாம் போனபிறகு சேர்த்துவைத்துக் காட்டுகிறார் என்று சொல்வேன். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அக்காவின் சின்ன வயசுக் கதைகளை அந்த அம்மாதான் ஆட்டோவில் சொல்லுவார். வீட்டில் ஒரு பூனை இருந்ததாம். அது சினையாக இருக்கிறதா, தின்று பெருத்திருக்கிறதா என்று சந்தேகம். பார்த்தால் தெரியவில்லை, தராசிலும் அது உட்காராது. இந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றிருக்கிறாள். அப்புறம் பூனையை இறக்கிவிட்டுத் தான் மட்டும் நின்றிருக்கிறாள். இதைத் தினமும் செய்திருக்கிறாள். கடைக்காரர் வீட்டுக்கே வந்து, உங்கள் பெண் அரிசி வாங்க வருகிறதா, பூனை விற்க வருகிறதா என்று கேட்டாராம். "கழிச்சுப் பாத்துக்கினு இருந்திருக்குது, என் பொண்ணு" என்று அந்த அம்மா பெருமையாகச் சொல்லுவார். பூனை குட்டி போட்டதா என்று நான் கேட்டேன். அது தராசுக்குப் பயந்து ஓடியே போய்விட்டதாம்.

ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி என்னுடையதுதான். திரும்பி வந்த வண்டி வேறு.

உடலைக் கொண்டுவருவதற்கு முன்பே அவர்களுடைய பெரியப்பா மகன் என்னிடம் வந்து, தம்பியைக் கொஞ்ச நேரம் உங்கள் வீட்டில் வைத்திருங்கள் என்றார். பார்த்தால் ஏதாவது பண்ணிவிடுவானோ என்று பயம். "அவனுக்கு இன்னா புரியப் போவுது, சோறு போட்டா துன்னுவான்" என்றும் சொன்னார். என் பெண்டாட்டி உப்புமா கிண்டிக் கொடுத்தாள். தம்பி சாப்பிட்டார். தெருவில் மேளச் சத்தம் கிளம்பியது. நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினோம். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு வலது கையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருந்தார், நாடாவைத் தள்ளுவதுபோல. மேளம் ஆற்றங்கரைப் பக்கம் போய்த் தேயும்வரை தள்ளினார். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தார். அம்மா ஊருக்குப் போயிருக்காங்க என்று அவரே தம்பியிடம் சொல்லியும் வைத்தார்.

அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எந்த ஊரிலோ விமானம் நின்றுவிட்டதாம். பெட்டியோடு உள்ளே போனார். தறியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அழவில்லை. தெருவில் அன்றைக்கே பேச்சாகிவிட்டது. அக்காவும் தம்பியும் ஒரே அச்சு, கல்லில் செய்தது என்று.

அக்கா கொஞ்ச நாள் லீவில்தான் வந்திருந்தார். தம்பியை அந்த நாட்டுக்குக் கூட்டிப்போக வழியில்லை என்று ஆகிவிட்டது. ஒன்று, வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்க வேண்டும். இல்லையென்றால், வாலாஜாபாத் தாண்டி இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே சேர்க்க வேண்டும். பெரியப்பா மகன் இல்லம் என்றார். தெரு முழுக்க இல்லம் என்றது. அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. அந்த இல்லத்தைப் பார்க்க என் ஆட்டோவில் போய்வரும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். அம்மா இல்லை என்பது தம்பிக்குத் தெரியவில்லை என்றால் எந்த இடமானாலும் அவனுக்கு ஒன்றுதான், நல்ல சோறும் படுக்கையும் போதும். தெரிந்திருந்தால், அந்த வீட்டைவிட்டு அவனை எடுப்பது அவனுக்கு இன்னொரு சாவு. அதனால் தெரியுமா தெரியாதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் சும்மா இருப்பேனா. என் பெண்டாட்டி சொன்னதையே சொன்னேன். தம்பியிடம் நேராகச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதுவிடுங்களேன் என்று.

"சொல்லி, அவன் மூஞ்சில ஒண்ணும் வரலன்னா?" என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போனபிறகு, "வந்துட்டா?" என்றார்.

அன்றைக்கு ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ரயில் வருகிற வழியாக இல்லை. பேச்சை மாற்றலாம் என்று, நீங்கள் அங்கே குண்டு செய்கிறீர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டேன்.

அக்கா பதில் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். லைட் போட முடியாத ஓர் இருட்டு அறைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், என்ன செய்வீர்கள்? பெண்டாட்டியை அனுப்புவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வாசலில் நின்று புளியங்கொட்டையை உள்ளே எறிய வேண்டும் என்றார். டங் என்றால் அண்டா, தொப் என்றால் அரிசி மூட்டை. எந்தப் பக்கம் தெறித்து வருகிறது என்பதை வைத்து எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவர்கள் கூடத்தில் புளியங்கொட்டைக்குப் பதில் எலெக்ட்ரான். இருட்டு அறைக்குப் பதில், அணுவுக்கு நடுவில் இருக்கிற நியூட்ரான்.

"அணுவுக்கு நடுவுல ரெண்டு விதம் இருக்குதுபா. புரோட்டான், அது பிளஸ்ஸு. இன்னொண்ணு நியூட்ரான். அதுக்கு பிளஸ்ஸும் இல்ல, மைனஸும் இல்ல. மொத்தமா பாத்தா பூஜ்யம்."

"பூஜ்யத்துல பாக்கறதுக்கு இன்னாக்கா இருக்குது? எங்க கணக்கு வாத்தியாரு என் பேப்பர்ல நெறைய போட்டுக் குடுத்தாரே, அதுக்குள்ளல்லாம் அவரு எட்டிப் பாக்கவே இல்ல."

அப்போது அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பாத்திருக்கணும்" என்றார். "மொத்தம் பூஜ்யம்னா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்லபா. உள்ள பிளஸ்ஸும் இருக்குது, மைனஸும் இருக்குது. ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிக்கினு நிக்குது. வெளிய இருந்து பாக்கறவனுக்குத்தான் பூஜ்யம்."

பிறகு அவராகவே பேசிக்கொண்டு போனார். நியூட்ரானைத் தனியாகப் பிடித்து வைத்து எறிய முடியாதாம். தனியாக விட்டால் கால் மணி நேரம்கூடச் சரியாகத் தாங்காது, உடைந்து வேறொன்றாகிவிடும். அதுவே புரோட்டானோடு ஜோடியாகச் சேர்ந்து இருந்தால் எத்தனை கோடி வருஷமானாலும் அப்படியே இருக்கும். அதனால் ஜோடியின் மேல்தான் எறிவார்கள். தெறித்து வருவதில் புரோட்டானால் வந்தது எவ்வளவு என்று முன்பே தெரியும். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் நியூட்ரான். நம் பூனைக் கணக்குதான் என்று எனக்கே விளங்கிவிட்டது.

"கழிக்கறதுலதான் கஷ்டமே. புரோட்டான் சத்தமா பேசும். நியூட்ரான் முணுமுணுக்கும். கொஞ்சம் ஜாஸ்தியா கழிச்சிட்டோம்னா அந்த முணுமுணுப்பும் சேந்து போயிடும். அப்புறம் பூஜ்யம்னு எழுதிட்டு வீட்டுக்கு வந்துர வேண்டிதான்."

ரயில் போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து அக்கா தம்பியின் மேல் எறிய ஆரம்பித்தார்.

முதல் நாள் மூன்று தட்டு வைத்தார், அம்மாவின் தட்டையும் சேர்த்து. தம்பியின் கண் அந்தத் தட்டுக்குப் போகிறதா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தார். போகவில்லை. மறுநாள் இரண்டு தட்டு. அதற்கும் ஒன்றும் இல்லை. அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தார். தம்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து கை நீட்டிக் காத்திருந்தார். அக்காவுக்கு நெய்யத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தம்பி எழுந்து போய்விட்டார். அம்மா போட்டுக்கொள்ளும் விபூதி வாசனை, அம்மா கதவு தட்டும் விதம் என்று ஒவ்வொன்றாக எறிந்தார். எதுவும் திரும்பி வரவில்லை. என் பெண்டாட்டிக்கு இதெல்லாம் ஆகவில்லை. பாவம் அந்த மனுஷன், அவரைப் போய் இப்படியா என்றாள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் எறிகிறவருக்குத்தான் அடி படுகிறது என்று தோன்றும்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டார். அம்மாவை ஏற்றிப்போக வருவதுபோல வாசலில் நிறுத்தி ஹாரனை அடிக்கச் சொன்னார். சின்னதாக இரண்டு முறை அடித்தேன். உள்ளேயிருந்து தம்பி வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, வலது ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா இடது பக்கம் ஏறப் போனார். தம்பி அந்த இடத்தின்மேல் கையை வைத்தார். தள்ளவில்லை, முறைக்கவில்லை. கையை வைத்தார், அவ்வளவுதான். அக்கா இறங்கிக்கொண்டார்.

"அம்மா வரும்னு எடம் புடிச்சு வெச்சிருக்கான். அவனுக்குத் தெரியல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். பெரிய யோசனையெல்லாம் இல்லை, என் வண்டிக் கவலைதான்.

"தம்பி தெனம் செவுத்து மேல காக்காவுக்குச் சோறு வெச்சிக்கினு இருக்காருக்கா. அம்மா இருக்கறப்பவே என் வண்டி நாறும். இப்ப அதைவிட ஜாஸ்தி."

அக்கா கேட்டுக்கொண்டார். அந்த நேரங்களில் அவர் சமையல்கட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் போல. "அது அம்மா பழக்கம்பா" என்றார். "கூடவே நின்னு பாத்த கை, தானா செய்யுது. அதைக் கழிச்சிடணும்."

கழித்துவிட்டார். மிச்சம் பூஜ்யம்.

இல்லத்துக்கு என் ஆட்டோவில்தான் போனோம். தம்பி வலது ஓரம். இடது பக்கம் யாரையும் விடமாட்டார் என்பதால் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில் முக்கால்வாசி என் உடம்புக்கே போய்விடும். மிச்சமிருந்த கால்வாசியில் அவ்வளவு படித்த அக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு வாலாஜாபாத் வரை வந்தார். வழியில் நான் ஜோக் அடிக்கப் பார்த்தேன், ஒன்றும் எடுபடவில்லை.

இல்லம் சுத்தமான இடம். வேப்ப மரம், பெரிய சமையல்கட்டு, பின்னால் குட்டைச் சுவர். தம்பி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா" என்றார் அக்கா.

அக்கா ஊருக்குப் போனபிறகு எனக்குப் போன் பண்ணுவார். தம்பியைப் பார்த்தீர்களா என்று கேட்க மாட்டார். வாலாஜாபாத் பக்கம் சவாரி வருதா, அந்தப் பக்கம் ரோடு எப்படி இருக்குது என்பார். நான் புரிந்துகொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ரோடு நல்லா இருக்குது, வாழைப்பழம் துன்னுது என்று சொல்வேன். அப்புறம், வெயில் ஜாஸ்தியா என்பார்.

பங்குனி உற்சவத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அப்போது இல்லத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. தம்பிக்குக் காய்ச்சல்கூட இல்லையாம். காலையில் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே சாப்பாடு குறைந்துகொண்டு வந்ததாம். டாக்டரும் பார்த்தாராம். ஒன்றும் தெரியவில்லை என்றாராம்.

இந்தத் தடவை காத்திருந்தோம். அக்கா வந்தார். பெரியப்பா மகன் கொள்ளியை வாங்கக் கை நீட்டினார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, தானே வைத்தார். யாரோ முணுமுணுத்தார்கள். என் பெண்டாட்டி நேராகத் திரும்பிப் பார்த்தாள். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

மறுநாள் தம்பியின் துணிகளை வாங்கிவர இல்லத்துக்குப் போனோம். சமையல்கார அம்மா பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"காக்காங்கதான் பாவம்மா, வந்து வந்து பாத்துட்டுப் போவுது. அவரு மொதல்ல ரெண்டு பிடி எடுத்து செவுத்துல வெச்சிட்டுத்தான் துன்னுவாரு. கடைசி கடைசியா அதை மட்டும் வெச்சிட்டு, துன்னாம எழுந்து போயிடுவாரு."

"ரெண்டு பிடியா?" என்றார் அக்கா.

"ரெண்டும்மா. தனித்தனியா. வந்த நாள்ல இருந்தே ரெண்டுதான். ஒரு நாளு நான் சும்மா இல்லாம ரெண்டையும் ஒண்ணா சேத்து வெச்சிட்டேன். யாராண்டயும் கோவமே படாதவரு, வந்து என் கையை நவுத்திட்டு மறுபடியும் பிரிச்சு வெச்சாரு."

அக்கா அந்தக் குட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு எதுவும் மண்டையில் சீக்கிரம் ஏறாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் ஏறியது. அந்த அம்மா இருந்தவரை சுவர்மேல் ஒரு பிடி. அது அப்பாவுக்கு. அம்மா போனபிறகு இரண்டு. தினமும் வாளித் தண்ணீரோடு நின்று என் வண்டிக் கூரையைப் பார்த்துத் திட்டினேனே, கணக்கு அங்கேதான் இருந்தது. அம்மா பழக்கம் என்று அக்கா கழித்த அந்த இடத்தில்தான் தம்பி பேசியிருக்கிறார். எல்லாம் தெரிந்து, அம்மாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்.

திரும்பும்போது அதே ரயில்வே கேட், அதே மாதிரி போட்டிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் துணிப் பை. அதன்மேல் கையை வைத்திருந்தார்.

"நீங்க சொன்னீங்க" என்றார். "ஜாஸ்தியா இருக்குதுன்னு."

நான் முன்னால் ரோட்டைப் பார்த்தேன்.

"நான் அவன விட்டுட்டுப் போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா ஒரு கேள்வியை நேராகக் கேட்டார். போயும் போயும் என்னிடம். எதைக் கேட்டாலும் பட்டென்று ஏதாவது ஒன்றைச் சொல்லி எதிராளியைச் சிரிக்க வைப்பதுதான் நான் இத்தனை வருஷமாகச் செய்துவந்த ஒரே வேலை. ஆட்டோ ஓட்டுவதெல்லாம் அதற்கு ஒரு சாக்கு. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ரயில் வந்தது, போயிற்று, கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அதில் யாரோ ஒருவன் சின்னதாக இரண்டு முறை அடித்தான். கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புடவைத் தலைப்பை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வாளியும் துணியுமாக வண்டிக்குப் போனேன். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, கையில் தட்டு. என்னைப் பார்க்கவில்லை. ஒரு பிடி சோறு எடுத்துச் சுவர்மேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவது பிடியை வைத்துவிட்டு, அதன்மேலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

காக்கைகள் வந்தன. தின்றன. இரண்டு என் வண்டிக் கூரைக்கு வந்து வழக்கமான வேலையை முடித்தன. வாளித் தண்ணீரைச் சுவரோரத்து முருங்கைக்கு ஊற்றிவிட்டு, வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாண்டில் ஏறிய முதல் ஆள், இன்னாபா, வண்டியைக் கழுவவே மாட்டியா என்று கேட்டார். அவரும் நேராகத்தான் கேட்டார். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.